கபிலச் சுவர்: வன்னி மனைகளின் உட்புறம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாறு இதுகாறும் பெரும்பாலும் குளங்களின் வரலாறாகவும், வன்னிச் சிற்றரசர்களின் வரலாறாகவும், அண்மைக் காலத்தைப் பொறுத்தவரை போரின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. அம்மக்கள் குடியிருந்த மனைகளின் உட்புறம் எவ்வாறிருந்தது, அதன் சுவர் எந்நிறத்ததாக இருந்தது என்னும் வினாக்கள் வரலாற்றாசிரியரின் கவனத்தை ஈர்த்தனவாகத் தெரியவில்லை. இதற்குக் காரணம் உண்டு. கற்சுவர் இடிந்தாலும் அத்திவாரம் எஞ்சும். மண்சுவரோ கைவிடப்பட்ட சில மாரிகளிலேயே கரைந்து, தான் எடுக்கப்பட்ட நிலத்தோடு கலந்துவிடும். அநுராதபுர அகழ்வுகளில் மிகப் பழைய குடியிருப்புகள் நிலத்திலுள்ள கம்பக் குழிகளைக் கொண்டே இனங்காணப்பட்டன. மரமும் மண்ணுமாகக் கட்டிய மனைகள் விட்டுச்செல்லும் சாசனம் அவ்வளவே.

ஆயினும், உட்சுவரின் நிறம் வரலாறற்ற ஒன்றன்று. வன்னியில் ஒரு காலத்துச் சுவர் ஏன் ஆழ்ந்த கபில நிறமாயிருந்தது, பின்னர் ஏன் வெண்மையை நாடியது, மீண்டும் ஏன் மண்ணுக்குத் திரும்பியது என்று வினவுவோமாயின், சுண்ணாம்பு யாரிடமிருந்தது, சீமெந்து யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது, எது வீடு எனக் கணிக்கப்பட்டது ஆகிய வினாக்களுக்கும் விடை காண வேண்டியதாகின்றது. இந்நிறம் வறுமையின் அடையாளம் என்பது பிற்காலத்துக் கருத்தே. மனையின் உட்புறத்தை நிறமூட்டி அழகுபடுத்தும் ஒரு கைவினை மரபின் விளைவாகவும் அது இருந்துள்ளது.

முதலிற் சொல்லைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. ஈழத்துப் பள்ளிப் பாடநூல்கள் இந்நிறத்தைக் கபிலம் என்கின்றன. தமிழகத்தாருக்குப் பழுப்பு என்னும் சொல்லே பழக்கமானது. கபிலம் வடசொல். பழந்தமிழில் மங்கிய கபில நிறத்தையும் அந்நிறப் பசுவையும் குறிக்கக் குரால் என்ற சொல் வழங்கிற்று. மண்ணைக் குறிக்கும்போது தமிழர் பெரும்பாலும் செம்மை என்னும் அடையையே கையாண்டனர். செம்மைக்கும் கருமைக்கும் இடைப்பட்ட பல சாயல்கள் அவ்வொரு சொல்லுள் அடங்கின. எனவே பழைய நூல்களிற் கபிலச் சுவரைத் தேடுவோர் அந்நிறச் சொல்லைத் தேடுவதைவிட மண்ணையும் மெழுக்கையும் தேடுவதே பொருத்தமாகும்.

வன்னியின் பெரும்பகுதியிற் காணப்படுவது மண்ணியலாளர் செங்கபில நிற மண் என வகைப்படுத்தும் மண்ணாகும். இலங்கையின் வரண்ட வலயத்துக்குப் பரவலாகவுரிய மண் இது. இரும்பு ஒட்சைட்டுகளே இதற்கு நிறம் தருவன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கல். வன்னியின் பெரும்பகுதியின் அடித்தளமோ மிகத் தொன்மையான பளிங்குருப் பாறை. இவ்வேறுபாடு நில அமைப்பியலாளருக்கு மட்டும் உரியதெனக் கருதுதல் தவறு. குடாநாட்டான் தன் காலடியிலுள்ள கல்லை உடைத்துச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பு பெற்றான். வன்னியானுக்குச் சுண்ணாம்பு வண்டியேறி வரவேண்டிய பண்டம். ஒருவனுக்கு வெண்மை மலிவாகவும் மற்றவனுக்குக் கபிலம் மலிவாகவும் அமைந்தது இவ்வாறேயாம்.

மண்சுவர் எழுப்பும் முறை எளிதுபோலத் தோன்றினும் நுணுக்கம் நிறைந்தது. பாலை, முதிரை முதலிய காட்டு மரங்களின் கம்பங்களை நாட்டி, அவற்றின் இருபுறமும் வரிச்சுத் தடிகளைக் குறுக்காக வைத்துக் காட்டுக் கொடிகளாற் கட்டுவர். இடையில் மிதித்துப் பிசைந்த மண் உருண்டைகளை இட்டு அழுத்துவர். மண் வெடிக்காதிருக்க வைக்கோற் துண்டுகளோ உமியோ சேர்க்கப்படும். புற்று மண் இவ்வேலைக்குச் சிறந்ததென்பது மக்கள் அனுபவத்தாற் கண்டது. கறையான் தன் உமிழ்நீராற் பிணைத்த மிக நுண்ணிய களி அது. மரத்தை அரிக்கும் கறையானின் மண்ணே மரச்சட்டத்தை மூடும் சுவராவது விந்தையே.

சுவர் காய்ந்தபின் வெடிப்புகளை நிரப்பி, அரித்தெடுத்த நுண்மண்ணாலும் மணலாலும் சமப்படுத்திய பின்னரே நிறமூட்டும் வேலை தொடங்கும். பசுஞ்சாணகத்தை மண்ணோடும் நீரோடும் கரைத்து, உள்ளங்கையால் அரைவட்டம் அரைவட்டமாக இழுத்து மெழுகுவர். ஈரத்தில் அது பச்சை கலந்த நிறத்தது. காயுந்தோறும் பச்சை மறைந்து கபிலம் மேலெழும். கரியைச் சேர்த்தால் நிறம் மேலும் ஆழும். அடுப்புப் புகை நாள்தோறும் படிந்து கூரை மரங்களையும் சுவரின் மேற்பகுதியையும் கருங்கபிலமாக்கும். கீழிருந்து மேலாக, நிலத்தின் மென்கபிலத்திலிருந்து முகட்டின் கருமை வரை ஒரே நிறம் படிப்படியாக ஆழ்ந்து செல்லும் இவ்வொழுங்கு எவரும் வரைபடமிட்டு அமைத்ததன்று. எனினும் அது ஒழுங்கே. விரல்கள் விட்ட வளைகோடுகள் காய்ந்த சுவரில் அலையலையாகத் தெரியும். அவ்வரிகளே அச்சுவரின் அலங்காரம்.

இவ்வேலை பெண்களுடையது. ஆடவர் கம்பம் நாட்டினர், மண் மிதித்தனர். ஆனால் சுவர் பெற்ற நிறமும் மேற்பரப்பும் பெண்களின் கையால் அமைந்தவை. தைப்பொங்கலுக்கு முன்னர் மனை முழுவதும் புதிதாக மெழுகப்படும். வெள்ளிக்கிழமைகளில் தரையேனும் மெழுகப்படும். ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியதாதலின் இதை ஓயாத சுமை எனவும் கூறலாம். மண்வீட்டைப் போற்றி எழுதுவோர் இச்சுமையைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். நீர் சுமப்பதும், சாணகம் சேர்ப்பதும், குனிந்து நிமிர்ந்து மெழுகுவதும் ஏற்கெனவே வயலிலும் அடுப்படியிலும் உழைத்த கைகளின் மேல் விழுந்த வேலைகள். சீமெந்துத் தரையையும் சுவரையும் பெண்கள் விரும்பியமைக்கு அந்தஸ்து மட்டும் காரணமன்று.

சாணகத்தின் பயனைச் சடங்குத் தூய்மையோடு மட்டும் தொடர்புபடுத்துவது போதாது. அதிலுள்ள செரிக்காத நார்கள் வெடிப்பைத் தடுக்கின்றன. புர்கினா பாசோ நாட்டு மண்ணைக் கொண்டு செய்யப்பட்டு 2016 இல் வெளிவந்த ஆய்வொன்று, சாணகம் களிமண்ணோடு வேதியியல் முறையில் வினைபுரிந்து நீரிற் கரையாத சேர்வைகளை உண்டாக்கி, மண்கல்லின் நீரெதிர்ப்பைக் கூட்டுவதாகக் கூறுகின்றது. ஆபிரிக்காவின் புல்வெளிகளிலும் வன்னியிலும் ஒரே கலவை தோன்றியிருப்பது, ஒத்த மண்ணும் மாடும் மாரியும் ஒத்த அறிவைப் பிறப்பித்தமையாலெனக் கொள்ளுதலே தகும்.

தமிழிலக்கியத்தில் இம்மெழுக்கு மிகப் பழையது. புறநானூற்றின் 249ஆம் பாட்டிற் கணவனை இழந்தவள் தன் கண்ணீரையே நீராகக் கொண்டு சாணகத்தால் இடத்தை மெழுகுகின்றாள். பெரும்பாணாற்றுப்படை அந்தணர் மனையைக் கூறுமிடத்துச் சாணக மெழுக்கைக் குறிப்பிடுகின்றது. ஆனால் உட்சுவரின் நிறம் பற்றி ஆராய்வோருக்கு மிகவும் பயன்படுவது நெடுநல்வாடையே. பாண்டிமாதேவியின் பள்ளியறையை வருணிக்கும் நக்கீரர், வெள்ளியை ஒத்த சுதையையும், நீலமணியை ஒத்த தூண்களையும், செம்பினால் இயற்றினாற்போன்ற நெடுஞ்சுவரையும், அச்சுவரில் எழுதப்பெற்ற பூங்கொடியையும் ஒருங்கே காட்டுகின்றார். செம்பு உவமை சுவரின் உறுதியைக் குறித்ததா, நிறத்தைக் குறித்ததா என்பது விவாதத்துக்குரியது. எனினும், வெள்ளியும் மணியும் நிறம் பற்றி வந்த வரிசையில் செம்பு மட்டும் நிறத்தை விட்டு நிற்கும் எனக் கொள்வது வலிந்த பொருளாகும். அரசியின் அறையிற் செம்பு நிறச் சுவரும் வெண்சுதையும் பகையின்றி இருந்தன என்பதே இங்கு கருதத்தக்கது. இருண்ட சுவர் ஏழையினது, வெண்சுவர் செல்வனது என்னும் பாகுபாட்டுக்கு அங்கு இடமில்லை.

அப்பாகுபாடு பின்னர் எவ்வாறு தோன்றியது? இதற்குப் பக்கத்து அரசொன்றின் சான்று உதவுகின்றது. 1660 முதல் 1679 வரை கண்டி அரசிற் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட தம் நூலில், குடிமக்களின் வீடுகள் கம்பும் களிமண்ணும் கொண்டு கட்டப்பட்டுச் சுவர்கள் மிக மழமழப்பாக்கப்பட்டிருந்ததாகவும், அவர்கள் ஓடு வேயவோ சுண்ணாம்பால் வெள்ளையடிக்கவோ அனுமதிக்கப்படவில்லை எனவும் எழுதுகின்றார். சுண்ணாம்புக்குப் பதிலாக ஒருவகை வெண்களியை அவர்கள் சிலவேளை பயன்படுத்தினர் என்றும் அவர் சேர்க்கின்றார். தப்பியோடும் வழியில் வன்னியனொருவனின் ஆட்சிக்குட்பட்ட தமிழர் நாட்டின் ஓரத்தையும் அவர் கடந்தார். ஆனால் அங்குள்ள சுவர்களைப் பார்க்கும் அவகாசம் ஓடுபவனுக்கு ஏது? கண்டிச் சட்டம் வன்னிக்கும் பொருந்தியது எனக் கூறுதல் இங்கு நோக்கமன்று. வெண்மை ஓர் உரிமையாக, அதாவது சிலருக்கு உரியதும் பலருக்கு மறுக்கப்பட்டதுமாக, இலங்கையில் இருந்தது என்பதற்கு அது சான்று. எது மறுக்கப்படுகின்றதோ அதுவே விரும்பப்படும்.

பிரித்தானியர் காலத்து வன்னி மக்கள்தொகை குன்றிய காய்ச்சல் நிலமாகவே நிருவாக அறிக்கைகளில் இடம்பெறுகின்றது. 1895 இல் ஜே. பி. லூயிஸ் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் இதற்கு முதன்மைச் சான்று. இரணைமடுக் குளத்தின் வேலை 1902 இல் தொடங்கி 1920 இல் நிறைவெய்தியதும், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் கிளிநொச்சியின் முகத்தை மாற்றின. குடாநாட்டிலிருந்து வந்த குடியேற்றவாசிகள் உருத்திரபுரம், வட்டக்கச்சி, முரசுமோட்டை முதலிய இடங்களிற் காணி பெற்றனர். அவர்கள் தம்முடன் கொண்டுவந்தவற்றுள் வெள்ளையடித்த சுவர் பற்றிய எண்ணமும் ஒன்று. 1950 இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியபின் அவ்வெண்ணம் கைகூடத்தக்கதாயிற்று. நெல் நன்கு விளைந்த ஆண்டில் முன் விறாந்தையும் அடுத்த நல்விளைச்சலில் அறையும் கல்லாக மாறின. அடுக்களை மட்டும் மண்ணாகவே நின்றது. இவ்வாறு ஒரே மனையில் முன்புறம் வெண்மையும் பின்புறம் கபிலமுமாக, விருந்தினர் காணும் சுவரும் வீட்டுப் பெண்கள் வாழும் சுவரும் வேறுபட்டன. மலையகத்தின் லயக் காம்பிராக்களை விட்டு 1958, 1977ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் வன்னிக்கு வந்தோரின் நிலை இதற்கு மறுதலையானது. தோட்டத் துரை வெள்ளையடித்துக் கொடுத்த சுவர் அவர்களுடையதாக ஒருபோதும் இருந்ததில்லை. காட்டோரத்தில் தாமே எழுப்பிய மண்சுவரே அவர்களின் முதற் சொந்தச் சுவர்.

இக்காலத்தே கபிலச் சுவர் எதிர்பாராத ஒரு துறையினரின் கவனத்துக்குள்ளாயிற்று. மலேரியாவைப் பரப்பும் நுளம்பு குருதி குடித்தபின் வீட்டின் உட்சுவரில் தங்கி இளைப்பாறும் வழக்கமுடையது. ஆகவே சுவரில் நஞ்சு தெளித்தால் நுளம்பு அழியும் என்ற அடிப்படையில் 1945-46 இல் இலங்கையில் டி. டி. ரி. தெளிக்கும் திட்டம் தொடங்கிற்று. 1946 இல் 27 இலட்சத்துக்கு மேற்பட்டிருந்த நோயாளர் தொகை 1963 இல் வெறும் 17 ஆகக் குறைந்தது. வன்னிக் காடுகளிற் குடியேற்றம் பெருகியமைக்குக் குளங்கள் எவ்வளவு காரணமோ அவ்வளவு இத்தெளிப்பும் காரணம் என்றால் மிகையாகாது.

ஆனால் நஞ்சுக்கும் மண்ணுக்கும் ஒரு பிணக்கு இருந்தது. 1950களில் பல நாடுகளில் நிகழ்ந்த சோதனைகள், காய்ந்த மண்சுவர் டி. டி. ரி. துணிக்கைகளை உள்ளிழுத்துக்கொள்வதையும், இரும்பு ஒட்சைட்டு மிகுந்த மண் அதனைச் சிதைப்பதையும் வெளிப்படுத்தின. சுவருக்கு அழகு தந்த அதே இரும்பே மருந்தின் ஆயுளைக் குறைத்தது. இதனினும் பெரிய இடையூறு மனிதச் செயலால் வந்தது. தெளித்த மருந்து கபிலச் சுவரில் வெண்பொட்டுகளாகப் படிந்து நின்றது. பொங்கலுக்கோ வீட்டு நன்மைக்கோ சுவரை மீண்டும் மெழுகியபோது மருந்து புது மெழுக்கின் அடியில் மறைந்தது. மருந்தடித்த சுவரை மெழுகவேண்டாம் என்பது எல்லா நாடுகளிலும் மலேரியாத் தடுப்பு ஊழியர் விடுத்த வேண்டுகோள். தன் மனையைத் தூய்மையாக வைத்திருக்க வேண்டும் எனத் தலைமுறைகளாகக் கற்ற பெண்ணுக்கு, மெழுகாதே என்னும் கட்டளை எவ்வாறு ஒலித்திருக்கும்! இங்கு அறியாமையைக் குறைகூறுவதிற் பயனில்லை. இரு தூய்மைக் கோட்பாடுகள் ஒரே சுவரில் மோதின என்பதே உண்மை. 1969 இல் இலங்கையின் நோயாளர் தொகை மீண்டும் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. தெளிப்பைத் தளர்த்தியமையே இதற்குத் தலையாய காரணம். நுளம்பு எதிர்ப்புச் சக்தி பெற்றதால் 1977 அளவில் டி. டி. ரி. க்குப் பதிலாக மலத்தியன் வந்தது. இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் 2016 செப்ரெம்பரில் அறிவிக்கப்பட்டது.

கிளிநொச்சி 1984 இல் தனி மாவட்டமாயிற்று. கல்வீடுகளின் தொகை பெருகி வந்த நிலையில் 1990 இல் இரு நிகழ்ச்சிகள் ஏறக்குறைய ஒருங்கே நேர்ந்தன: காங்கேசன்துறைத் தொழிற்சாலை மூடப்பட்டது, வன்னிக்குச் செல்லும் பொருள்கள் மீது அரசு விதித்த தடையுள் சீமெந்தும் அடங்கிற்று. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் வெளியேறி, அவர்களுட் பெருந்தொகையினர் வன்னியை அடைந்தபோது அங்கு கட்டடப் பொருளாகக் கிடைத்தவை மண்ணும் காட்டுத்தடியும் கிடுகுமே. சுண்ணக்கல் நாட்டின் மக்கள் மண் மிதிக்கக் கற்றனர். பாடசாலைகளும் மருந்தகங்களும்கூட மண்சுவருள் இயங்கின. கட்டாயத்தால் மீண்ட இம்மரபை மறுமலர்ச்சி என அழைப்பது பொருந்தாது. ஆனால் அக்கைவினையை அறிந்த முதியோர் வன்னிக் கிராமங்களில் இருந்திராவிட்டால் அம்மாரிகளை அம்மக்கள் எவ்வாறு கழித்திருப்பர் என்பதும் எண்ணத்தக்கது. இடம்பெயர்வு ஒன்றோடு நிற்கவில்லை. ஒவ்வொரு நகர்விலும் வரிச்சும் கம்பமும் பெயர்க்கப்பட்டன; மண் விடப்பட்டது. 2009 இல் எஞ்சியவர்கள், ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர், செட்டிகுளம் முதலிய இடங்களின் முகாம்களில் வெண்ணிறக் கூடாரத் துணிகளுக்குள் அடைக்கப்பட்டனர். அத்துணிச் சுவர்களில் மெழுகுவதற்கு எதுவுமில்லை. அவற்றுட் பெரிய முகாம் 2012 செப்ரெம்பரிலேயே மூடப்பட்டது.

மீள்குடியேற்றத்தின் பின் வீடு என்பது வரைவிலக்கணத்துக்குரிய சொல்லாயிற்று. 1981க்குப் பின் நாடு முழுவதையும் உள்ளடக்கி 2012 இல் நடந்த குடிசன மதிப்பு, சுவர், கூரை, தரை ஆகியவற்றின் பொருளைக் கொண்டு வீடுகளை நிரந்தரம், அரைநிரந்தரம் எனப் பிரித்தது; மண்சுவர் நிரந்தரத்துள் அடங்கவில்லை. இந்திய அரசு 50,000 வீடுகளுக்கு உதவ முன்வந்து, அவற்றுள் 46,000 வீடுகளை வடக்குக் கிழக்குக்கு ஒதுக்கிற்று. முதற்கட்டத்துக்குப் பின்னர், பயனாளி தாமே கட்டும் முறையில் வீடொன்றுக்கு 5,50,000 ரூபா வழங்கப்பட்டது. இத்திட்டத்தின் நன்மையை மறுப்பதற்கில்லை. ஆயின் சீமெந்துக் கல், மணல், கூலி ஆகியவற்றின் விலை ஏறிய காலத்தில் அத்தொகை பல குடும்பங்களுக்குக் கூரையோடு முடிந்தது. பூச்சுக்கும் வெள்ளைக்கும் கடன் பட வேண்டியிருந்தது. கடன்படாதவர் பூசப்படாத சாம்பல் நிறச் சுவருள் வாழ்ந்தனர். கபிலமுமன்றி வெண்மையுமன்றி வன்னியின் உட்சுவர் பெற்ற மூன்றாவது நிறம் இது. 2016 இல் 65,000 உருக்கு வீடுகளை, ஒன்று 21 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட செலவில், பொருத்தித் தரும் திட்டமொன்று முன்வைக்கப்பட்டபோது, வெப்பம், ஆயுள், செலவு என்னும் மூன்றையும் சுட்டிக் கடும் எதிர்ப்பெழுந்து, அத்திட்டம் முன்வைத்தபடி நிறைவேறவில்லை. தடித்த மண்சுவர் பகல் வெப்பத்தை மெல்ல வாங்கி மெல்ல விடும் இயல்பினது. மெல்லிய உலோகத் தகடு அவ்வாறன்று. இதை எடுத்துரைக்கப் பொறியியலாளர் வேண்டியிருந்தபோதும், மண்வீட்டில் வாழ்ந்தோருக்கு இது புதுச் செய்தியன்று.

ஏ-9 வீதி திறந்தபின் வந்த பண்டங்களுள் தகரத்தில் அடைத்த தீந்தையும் ஒன்று. ஆழ்ந்த கபிலம் இன்று உலகெங்கும் வரவேற்பறைக்குரிய நாகரிக நிறங்களுள் வைத்து எண்ணப்படுகின்றது. வர்ண அட்டைகள் அதற்குக் கோப்பி, கொக்கோ என உணவுப் பெயர்களைச் சூட்டியிருக்கின்றன. ஐரோப்பிய ஓவியர் பயன்படுத்திய அம்பர் என்னும் கபிலம் இரும்பும் மங்கனீசும் கலந்த மண்ணே. தகரத்திலுள்ள கபிலமும் பெரும்பாலும் செயற்கை இரும்பு ஒட்சைட்டே. ஆகவே கடையில் வாங்கும் நிறமும் வளவில் வெட்டும் மண்ணும் வேதியியலின்படி உறவினரே. ஆனால் பயன்பாட்டில் வேறுபாடுண்டு. புது வெள்ளை தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 80 வீதத்தைத் திருப்பியனுப்பும்; ஆழ்ந்த கபிலம் 10 வீதமளவே திருப்பும். பழைய மண்மனை இருண்டிருந்தும் குறையாகாமைக்குக் காரணம், பகல் வாழ்வு திண்ணையிலும் மாலிலும் மரநிழலிலும் நிகழ்ந்தமையே. அறை உறங்குவதற்கும் நெல் காப்பதற்கும் வெயிலுக்கு ஒதுங்குவதற்குமே உரியது. பிள்ளைகள் அறைக்குள் இருந்து படிக்கும் இன்றைய சிறு வீட்டின் நாற்சுவருக்கும் அந்நிறத்தைப் பூசினால் பகலிலும் விளக்கு வேண்டும். ஒரு சுவருக்கு மட்டும், அதுவும் சாளரத்துக்கு எதிரில் அல்லாத சுவருக்கு, அதைப் பூசுவோர் இச்சிக்கலை ஓரளவு தவிர்த்துக்கொள்கின்றனர்.

பூச்சு முடிந்த வீடுகளின் பின்புறத்திலும் விறகடுப்புக்கெனத் தனியாக எழுப்பிய மண் குசினியைக் கிளிநொச்சிக் கிராமங்களிற் காணலாம். உதவித் திட்டத்தின் வரைபடத்திலோ குடிசன மதிப்பின் நிரந்தரப் பட்டியலிலோ அதற்கு இடமில்லை. தைமாதம் பிறக்குமுன் மெழுகப்படும் சுவர் அதுவே.